திருகாணி மேல் வைத்த பொட்டு

மூன்றாம் நம்பர் மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்க்கும் புதியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம். மூடியில் நான்கு திருகாணிகள் இருக்க, ஒன்றின் தலையில் மட்டும் ஏன் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறது? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டிக்குள் காற்று கருப்பு குடியிருந்ததாகவும், எலுமிச்சம்பழத்தை வைத்து அதை ஓட்டியதாகவும் கேன்டீனில் ஒருவர் சத்தியம் செய்தாராம்.

அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவன் நான்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள இதே தொழிற்சாலையில் எலெக்ட்ரானிக்ஸ் பராமரிப்பைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது சோழவரத்தில் வீட்டு மின்விசிறியைக்கூடக் கழற்றக் கூடாது என்ற தடை உத்தரவோடு உட்கார்ந்திருக்கிறேன். பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் பயன்படும்படி என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி தொழிற்சாலையில் கேட்டிருந்தார்கள். நான் சரி செய்த மெஷின்களைப் பற்றி எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் நான் மானம் போக நின்ற ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த மெஷின் லாரிகளுக்கான ஸ்பிரிங் சுற்றுகிறது. வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. கம்பியை இழுக்கிற, வளைக்கிற, வெட்டுகிற பாகமெல்லாம் கனத்த இரும்பு. அவற்றுக்கு நம் எல்லோரையும் விட ஆயுசு கெட்டி. அவற்றுக்கு உத்தரவு போடுவது மட்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும் பழங்காலத்துக் கம்ப்யூட்டர். மெஷினைச் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, அதை வேறொன்று வாங்கிவிட்டது. உதிரி பாகம் கேட்டு நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்குக் கடைசியில் தோட்டச் சாமான் விற்கும் யாரோ ஒருவர்தான் மரியாதையாகப் பதில் போட்டார்.

அதனால் நம் கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஓடுகிற மெஷினைத் தொடாதே. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எழுதி ஒட்டிய எல்லாவற்றையும் விட ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். மூன்றாம் நம்பர் மெஷினை வருடம் முழுக்க அணைக்கவே மாட்டோம். ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அதற்கு ஓய்வு.

உங்கள் ஷிப்டு சூப்பர்வைசர் ஏழுமலையை உங்களுக்குத் தெரியும். அப்போது அவர் சூப்பர்வைசர் இல்லை. ஆரம்பாக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்பது வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியவர், அதில் கடைசி ஆறு வருடம் இந்த மெஷினில்தான். அந்தத் தீபாவளிக்கு முன்னால் நிரந்தரம் செய்யப் போகிற ஆறு பேர் பட்டியலில் அவர் பெயர் நான்காவதாக இருந்தது. பட்டியலை அவர் ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. கண் பட்டுவிடும் என்று அறிவிப்புப் பலகை பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போவார்.

ஆயுத பூஜை அன்று ஏழுமலை அந்த மெஷினுக்குச் செய்யும் உபசாரத்தை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, மோட்டாருக்கு ஒரு பொட்டு, கதவுக்கு ஒரு பொட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி மூடியின் நான்கு திருகாணிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்து, பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உட்கார வைப்பார். அந்த வருடமும் வைத்தார். நான் வழக்கம்போலச் சீண்டினேன்.

“ஏழுமலை, பழத்தை வச்சாலே மெஷின் ஓடும்னா, என்னை எதுக்குப்பா இங்க வேலைக்கு வச்சிருக்காங்க?”

“கையெய்த்து போடறதுக்கு சார்” என்றார்.

கேலியெல்லாம் இல்லை. என் கையில் அப்போது சோதனைப் படிவம் இருந்தது, அதைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே பொரி வாங்கித் தின்றேன்.

விடுமுறை முடிந்து காலை ஷிப்டில் ஏழுமலை மெஷினைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுற்றியது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டார், அப்படியே. என்னைக் கூப்பிட்டார். நானும் அணைத்துப் போட்டேன். படித்தவன் அணைத்துப் போட்டால் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை.

அரை மணி நேரத்தில் தொழிற்சாலை மேலாளர் வந்துவிட்டார். புதிதாகப் பொறுப்பேற்றவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒரு கையில் போன். அந்தப் பக்கத்தில் தலைமை அலுவலகம்.

“என்ன ஆச்சுன்னு ஒரே வரியில சொல்லுங்க சார். லைன்ல காத்துக்கிட்டு இருக்காங்க.”

நான் மூடியைத் திறக்கவில்லை. பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம், பூஜைக்குத் துடைத்ததில் பளபளவென்று இருந்த மெஷினும், பக்கத்துக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துணியும்தான்.

“தண்ணி போயிருக்கும் சார்” என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும். அவர் அதை அப்படியே போனில் சொன்னார். போன் வழியாகப் போனபோது ‘போயிருக்கும்’ என்பது ‘போயிடுச்சு’ என்று ஆகிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன், திருத்தவில்லை. மேலாளர் கேட்ட உடனே பதில் சொல்லத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஏழுமலை என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

“சார், இத்த கொஞ்சம் படிச்சி சொல்லுங்க சார். எச்.ஆர்.ல குடுத்தாங்க. முய்க்க இங்கிலீஷ்ல கீது.”

வாங்கிப் பார்த்தேன். விளக்கம் கேட்கும் மெமோ. பூஜையின்போது கவனக்குறைவாக ஈரத்துணியைப் பயன்படுத்தியதால் மின்னணுப் பகுதிக்குள் தண்ணீர் இறங்கி மெஷின் நின்றுவிட்டது, உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, இரண்டு நாளில் பதில் தரவும். நான் சொன்ன மூன்று சொல், நல்ல ஆங்கிலத்தில், முத்திரையோடு எனக்கே திரும்பி வந்திருந்தது. அதை நானே தமிழாக்கி அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“தண்ணி போச்சுன்னு யாரு சார் சொன்னது?”

“சொல்றாங்க” என்றேன்.

“நான் பியிஞ்சி தான் சார் தொடச்சேன். பொட்டிகிட்ட காஞ்ச துணி தான் போட்டேன். ஆறு வருசமா அப்டித்தான் செஞ்சிக்கினு வரேன்” என்றவர், தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “மெமோ நிலுவைல இருந்தா லிஸ்டுல இருந்து பேரு எட்த்துருவாங்களாமே. நெஜமா சார்?”

நிஜம்தான். எனக்குத் தெரியும். “முதல்ல மெஷினைப் பார்ப்போம் வா” என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தேன். பதில் தெரிந்த கேள்வியிலிருந்து தப்பிக்க வேலையைப் போல நல்ல இடம் இல்லை.

மூடியின் முதல் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவர் உட்காரவில்லை. தலையில் இருந்த வெட்டு தெரியவே இல்லை, சந்தனம் இறுகி அடைத்திருந்தது. நுனியால் குத்தினேன். சந்தனம் வில்லையாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. சின்னப் பொத்தான் அளவு. ஓரத்தைப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று வரி வரியாக அடுக்கு. என்னையும் அறியாமல் எண்ணினேன். ஏழு.

ஏழுமலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடில கீறது நான் இந்த மிஷினுக்கு வந்த வருசம் வச்சது சார்” என்றார், ரொம்ப மெதுவாக.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷின் ஓரத்தில் ஒரு அட்டையில் சோதனைப் படிவங்கள் தொங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பேட்டரியைப் பார்த்து, ‘சரி’ என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடத்துக்கு இருபத்துநான்கு கையெழுத்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் என்னுடையது. எல்லாவற்றிலும் பேட்டரி சரி. மூடியைத் திறக்காமல் பேட்டரியைப் பார்க்கும் வித்தை தெரிந்தவன் இந்தத் தொழிற்பேட்டையிலேயே நான் ஒருவன்தான்.

ஓடுகிற மெஷினைத் தொடாதே என்ற சட்டத்தைத்தான் கடைப்பிடித்தேன் என்று என் மனம் உடனே வாதாட வந்தது. அந்த வக்கீலை அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மற்ற மூன்று திருகாணிகளையும் கழற்றினேன். ஏழுமலை அந்த அட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு சொட்டின் தடம்கூட இல்லை. தூசு வறண்டு கிடந்தது. மதர்போர்டின் மூலையில் விரல் பருமனில் ஒரு பேட்டரி, மின்சாரம் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரின் நினைவைக் காப்பாற்ற வைத்தது. அது எப்போதோ வாயைப் பிளந்து கக்கியிருந்தது. கக்கியது போர்டு முழுக்கப் பரவி, பச்சையும் நீலமுமாகப் பொங்கிப் போயிருந்தது. மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளை அது வருடக்கணக்காக மென்றிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவரை சூட்டில் எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. மூன்று நாள் அணைத்துக் குளிர விட்டதும் விட்டுப் போய்விட்டது.

மூடியைத் திருப்பினேன். உட்பக்கத்தில் கருப்பு மையால் யாரோ எழுதியிருந்தார்கள். மெஷினை நிறுவியவர் எழுதியிருக்க வேண்டும். நான் இந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டவர், பெயர்கூட யாருக்கும் தெரியாது. மூன்று எண்கள் இருந்தன. அதன் கீழே, பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றவும், இல்லாவிட்டால் ஒழுகும், என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து. ஒரே ஒரு முறை திறந்திருந்தால் போதும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிறந்த ஆசான் ஆறு வருடமாக ஒரு தகரத்தின் பின்பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

போர்டை என் அறைக்குக் கொண்டு வந்தேன். இங்கேதான் நான் அடுத்த தவறைச் செய்தேன். அவமானத்தில் இருப்பவன் வேகமாக வேலை செய்வான், வேகமாகச் செய்தால் பழக்கம்தான் வேலை செய்யும். நம் தொழிற்சாலையில் பேட்டரி என்றால் சரக்கு தூக்கும் போர்க்லிப்டு வண்டியின் பேட்டரிதான். அது ஒழுகினால் ஆசிட். ஆசிட்டுக்கு மருந்து சமையல் சோடா. பேட்டரி அறையில் அதற்கென்றே ஒரு டப்பா இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் போர்டில் பூசிப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது, அதன் மேல் வெள்ளையாக ஒரு குழம்பு சேர்ந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சோடா போட்டேன். ஏழுமலை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நான் ஏதோ பெரிய சிகிச்சை செய்வதாக நினைத்து மூச்சை அடக்கி நின்றார்.

அப்போது தனம்மா டீ கொண்டு வந்தார். கேன்டீனில் வேலை, எல்லையோரத்துக் கிராமம், பாதிப் பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். பூஜைக்கு முதல்நாள் தொழிற்சாலையின் பித்தளை விளக்குகளை எல்லாம் தேய்த்துக் கொடுத்தவர் அவர்தான். டீயை வைத்துவிட்டுப் போர்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா இது, வெளக்குல ஏறுமே, அந்தக் களிம்பு மேரி கீது. இதுக்குப் போய் சோடா போட்டுக்கினு கீறீங்க? புளி போட்டுத் தேச்சா ஓடிப் பூடும்ல?”

“இது விளக்கு இல்ல தனம்மா. கம்ப்யூட்டர்” என்றேன். என் குரலில் இருந்த எரிச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

“செம்புல ஏற்னது தானே நைனா?” என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு டீ கொடுக்கப் போய்விட்டார்.

பிரஷை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீயைக் குடித்தேன். பாதி டீயில் எனக்குப் புத்தி வந்தது. இந்தச் சின்ன பேட்டரிக்குள் இருப்பது ஆசிட் இல்லை. நேர் எதிர், காரம். சோடாவும் காரம். பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லிவிடுவான். காரத்துக்குக் காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டு, கவனக்குறைவு என்று இன்னொருவருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவன் நான். வேண்டியது புளிப்பு. மெல்லிய ஆசிட்.

புளியில் நாரும் கோதும் இருக்கும், இடுக்கில் மாட்டிக்கொள்ளும். வினிகருக்குக் கடைக்கு ஆள் அனுப்பலாம். அதற்குள் என் கண் ஏழுமலை மேல் போனது.

“ஏழுமலை, பெட்டி மேல ஒரு பழம் வச்சிருந்தியே.”

அவர் என்னையே பார்த்தார். “கீது சார். எடுக்கலாமா?”

“எடுத்துட்டு வா. பூஜைத் தட்டுல வேற இருந்தாலும் கொண்டு வா.”

ஐந்து பழம் வந்தது. இரண்டு வாடியிருந்தது, பரவாயில்லை. பிழிந்து வடிகட்டிப் பிரஷால் தடவினேன். பச்சை நுரைத்தது. சொய்ங் என்று சின்னதாக ஒரு சத்தம்கூடக் கேட்டது. நுரையைத் துடைக்கத் துடைக்க, அடியில் செம்பு தெரிந்தது. ஏழுமலை கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் ஆசிட் என்று நான் ஆரம்பித்தேன். “கரெட்டு சார்” என்றார். அவர் கேட்டுக்கொண்ட அழகைப் பார்த்தால், அந்த ஆசிட்டைப் பழத்துக்குள் வைத்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை என்று தெரிந்தது.

அடுத்ததாக, போர்டைக் கழுவ வேண்டும். பழச்சாறு தங்கிவிட்டால் அதுவே அரிக்கும். பேட்டரி அறையில் இருந்து சுத்திகரித்த தண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டு வந்து, போர்டைத் தட்டில் சாய்த்து, தாராளமாக ஊற்றினேன்.

“சார்” என்றார் ஏழுமலை. “தண்ணி படலாமா சார்?”

கரண்டு இல்லாதபோது படலாம், நன்றாகக் காய்ந்தால் ஒன்றும் ஆகாது, என்பதுதான் சரியான பதில். அதைச் சொன்னேன். சொல்லும்போதே என் காது சுட்டது. அவருடைய சட்டைப்பையில் மெமோவின் மடிப்பு நீட்டிக்கொண்டிருந்தது.  போர்டை வாங்கிக்கொண்டு போய் மொட்டைமாடி வெயிலில் வைத்து, காக்கா வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

மீதி வேலை அடுத்த நாள் மத்தியானம் வரை ஆனது. அதை விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். அரித்துப்போன கோடுகளை ஒவ்வொன்றாக மீட்டரில் தேடினேன். ஒன்பது கோடு அறுந்திருந்தது. பழைய ரிலே ஒன்றின் சுருளைப் பிரித்து, அந்த முடி போன்ற கம்பியால் பாலம் போட்டேன். ஏழுமலைதான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கம்பி நழுவியபோதெல்லாம், “நாஷ்டா துன்னுட்டு வந்து பாக்கலாம் சார், ஒண்ணும் அவசரம் இல்ல” என்றார். அவருக்குப் பதில் கொடுக்க இருந்த இரண்டு நாளில் ஒன்றரை நாள் போய்விட்டிருந்தது. அவருக்கு அவசரம் இல்லையாம்.

புதிய பேட்டரியைப் போர்டில் பற்றவைக்காமல், வயர் இழுத்துப் பெட்டியின் ஓரத்தில் தனியாக வைத்தேன். இனிமேல் ஒழுகினாலும் தகரத்தில்தான் ஒழுகும். மின்சாரம் கொடுத்தோம். திரையில் எழுத்து வந்தது. ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் பேட்டரி செத்திருந்ததால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துபோய், தன் ஹார்டு டிஸ்கின் அளவு என்ன என்று என்னையே கேட்டது. மூடியைத் திருப்பி, அந்தப் பெயர் தெரியாத மனிதர் எழுதிவைத்த மூன்று எண்களைக் கொடுத்தேன். மெஷின் விழித்துக்கொண்டது. மூன்று மணிக்கு முதல் ஸ்பிரிங் விழுந்தது.

கூட்டம் கூடிக் கைதட்டியது. பழம்தான் காப்பாற்றியது என்று ஏழுமலை எல்லோரிடமும் சொன்னார். வேதியியல்படி அது முழு உண்மை என்பதால் என்னால் மறுக்கவும் முடியவில்லை.

மேலாளர் வந்து கை கொடுத்தார். “ரிப்போர்ட்டை இன்னைக்கே குடுத்துடுங்க சார். காரணம் தண்ணின்னு ஏற்கெனவே அனுப்பியாச்சு. அதையே ரெண்டு வரியில எழுதிடுங்க, முடிஞ்சுது.”

கவனியுங்கள், யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொன்னதை எழுதச் சொன்னார்கள். ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருடம் இருந்தது. ஒரு கறையும் இல்லாத பணிப் பதிவேடு. பூஜை போட்டவன் மேல் பழி போனால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், பேனாவைத் திறந்து மூடினேன், எழுந்து ஏழுமலையைத் தேடிப் போனேன்.

அவர் தன் பதிலை எழுதி முடித்திருந்தார். மகள் எழுதிக் கொடுத்ததாம், குண்டு குண்டாகத் தமிழ் எழுத்து. ஈரத்துணியால் துடைத்தது என் தவறு, இனிமேல் அவ்வாறு செய்ய மாட்டேன், மன்னிக்கவும். அவ்வளவுதான் இருந்தது.

“உள்ள தண்ணி இல்லைன்னு நீ பார்த்தியே. பொட்டு ஏழு பூஜையோட அடுக்கா இருந்ததையும் பார்த்த. அதை ஏன் எழுதல?”

ஏழுமலை மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அத்த எய்துனா, அட்டைல தொங்குற கையெய்த்த எல்லாம் எடுத்துப் பாப்பாங்க சார். ஒங்களுக்கு பேஜாரா பூடும். எனக்கு இந்த தபா போனா அட்த்த தபா பேரு வரும்னு சொல்றாங்க. ஒங்களுக்கு ரிட்டேருக்கு ரெண்டு வருசம் தானே கீது. கெட்ட பேரோட போவணுமா?”

அவருக்கு அடுத்த முறை என்று ஒன்று வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. அதை வேறு எப்படியும் அலங்கரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் கையிலிருந்த தாளை வாங்கிக் கிழித்தேன்.

அறைக்கு வந்து ஒரு பக்கம் எழுதினேன். பேட்டரி ஒழுகியது காரணம். ஆறு வருடமாகத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். தண்ணீர் என்று பார்க்காமல் சொன்னதும் நான். இருபத்துநான்கு படிவங்களையும் இணைத்தேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் நான்கு சந்தன வில்லைகளையும் போட்டு இணைத்தேன். மேலாளர் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “இது என்ன சார்?” என்றார். “நான் வராத நாளோட பதிவேடு சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, எச்.ஆரைக் கூப்பிட்டார்.

மெமோ ரத்தானது. அந்த வாரமே பட்டியலில் இருந்த ஆறு பேருக்கும் நிரந்தர உத்தரவு வந்தது. எனக்கு இரண்டு கடிதம் வந்தது, ஒரே நாளில், ஒரே கையெழுத்தோடு. ஒன்றில், கைவிடப்பட வேண்டிய மெஷினை அரிய திறமையால் மீட்டதற்குப் பாராட்டு. மற்றதில், அதே மெஷினை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்கு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். சோதனைப் படிவத்தில் ‘மூடி உண்மையிலேயே திறக்கப்பட்டதா?’ என்று புதிதாக ஒரு கட்டமும் சேர்த்தார்கள். அந்தக் கட்டத்திலும் ஒரு கோடு கிழித்துவிட முடியும் என்பதைப் படிவம் தயாரித்தவர்கள் யோசிக்கவில்லை. நீங்கள் யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. ஏழுமலை மெஷினைத் துடைத்தார், பிழிந்த துணியால்தான். மோட்டாருக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். மூன்று திருகாணிகளை விட்டுவிட்டார். நான்காவதின் தலையில் மட்டும் சந்தனத்தை அப்பி, அதன் மேல் அழுத்திக் குங்குமம் வைத்தார். என் கையில் வழக்கம்போலப் படிவம் இருந்தது.

“என்னப்பா, ஒண்ணோட நிறுத்திட்ட?”

“மூணு மாசம் கய்ச்சி நீங்க தொறக்கறப்ப இது ஒடையணும் சார். ஒடைஞ்சதும் நான் புச்சா வச்சிருவேன்” என்றார். பிறகு, மேலாளர் அலுவலகப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “ஒடையாம இருந்திச்சின்னு வச்சிக்கோங்க, இந்த தபா மெமோ நான் குடுப்பேன் சார். தமிய்லயே.”

நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பொட்டு ஒவ்வொரு மூன்று மாதமும் உடைந்தது. இப்போது அந்த மூடி உங்கள் பொறுப்பில் இருக்கிறது. படிவத்தை ஏழுமலையிடம் நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கி அட்டையில் மாட்டுவார், உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்க மாட்டார். நேராகப் போய்ப் பொட்டைத்தான் பார்ப்பார்.